ராசா செத்துக் கிடந்த ஒரு மணித்தியாலம்

1

போன வெள்ளிக்கிழமை பின்னேரம் இரண்டு தட்டு மஸ்கற் அல்வா கிண்டினேன். கோதுமை மாவைப் பிசைந்து, தண்ணீரில் கரைத்துப் பாலெடுத்து, சீனிப் பாகில் நெய் விட்டுக் கிண்டிக் கிண்டி, இனித் தோள்மூட்டு கழன்றுவிடும் என்ற கட்டத்தில் இறக்கினேன். முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் முஸ்லிம் வீடுகளில் பெருநாளுக்குச் செய்வார்களே, அந்தப் பளபளப்பு வரவில்லை. ஆனாலும் கத்தி வைத்ததும் துண்டு துண்டாக வந்தது.

இவ்வளவுக்கும் காரணம், பக்கத்து வீட்டு ஹரல்ட் வேலிக்கு மேலால் தலையை நீட்டிச் சொன்ன ஒரு வசனம்.

"சனிக்கிழமை காலை எட்டு மணிக்குப் புறப்படுகிறோம். ஆளுக்கொரு மஸ்கற் இருந்தால் நல்லது."

ஹரல்ட் இளைப்பாறிய தபால்காரர். அவரும் அவருடைய கூட்டாளிகள் நாற்பது பேரும் வருடத்தில் இரண்டு தடவை ஒரு பண்ணைக்காரரின் புல்வெளியில் கூடிச் சண்டை பிடிக்கிறார்கள். முந்நூறு வருடத்துக்கு முன்னர் இந்த நாட்டின் அரசனுக்கும் பாராளுமன்றத்துக்கும் நடந்த போரை அப்படியே உடுத்து, அப்படியே நடந்து, இரண்டு நாட்கள் மறுபடி நடத்துவார்கள். ரிக்கற் இல்லை, பத்திரிகைக்காரர் இல்லை. இந்தத் தடவை ஆட்கள் குறைந்துவிட்டதால் எங்கள் மூன்று பேரையும் கேட்டார்.

நாங்கள் மூன்று பேர் என்றால் நான், பஸ் டிப்போவில் எழுதுவினைஞராக இருக்கும் என் கணவர் நடராசா, ஒன்பது வயது மகள் மாலினி. வட இங்கிலாந்தின் இந்தப் புகை பிடித்த ஊருக்கு வந்து ஏழு வருடம். மாலினிக்கு நாங்கள் தமிழில் சொல்வது விளங்கும். பதில் ஆங்கிலத்தில்தான் வரும். போன வருடம் வரையில் "அம்மா" என்றாவது கூப்பிட்டாள். இப்போது பள்ளிக்கூட வாசலில் என்னைத் தெரியாதவள் போல இரண்டு அடி முன்னால் நடக்கிறாள்.

ஹரல்ட் ஒரு படிவமும் தந்திருந்தார். இந்த நாட்டில் விளையாட்டுக்குச் சாவதற்கும் படிவம் நிரப்ப வேண்டும். பெயர், விலாசம், அவசரத்துக்கு அறிவிக்க வேண்டிய உறவினர், எந்தப் பக்கம் சேர விருப்பம். கடைசிக் கேள்வி: முன்னர் போர் அனுபவம் ஏதும் உண்டா?

என் கணவர் எந்தப் படிவத்தையும் பயபக்தியோடு நிரப்புபவர். மூன்று பேருக்கும் "இல்லை, இல்லை, இல்லை" என்று எழுதி வைத்திருந்தார். நான் பேனையை வாங்கி என் பெயருக்கு நேரே இருந்ததை வெட்டிவிட்டு, "உண்டு. கப்டன்" என்று எழுதினேன்.

"இதை எழுத வேணுமோ, பரமேஸ்? பிறகு விளக்கம் கேப்பாங்கள்," என்றார்.

"கேட்டால் சொல்லுவம்."

2

சனிக்கிழமை வயலில் போய் இறங்கியபோதுதான் விஷயம் தெரிந்தது. ஒவ்வொருவரும் வாகனத்திலிருந்து நீளமான துவக்குகளை எடுத்தார்கள். பழைய காலத்துத் துவக்கு, குழல் வாயால் வெடிமருந்து இடிப்பது. அதற்குப் பெயர் மஸ்கற். நான் துணியை விலக்கித் தட்டை நீட்டினேன். ஹரல்ட் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தட்டைப் பார்த்தார். விளக்கம் சொல்லி முடித்தபோது அவர் வாகனத்தின் கதவைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார். மாலினி முகம் சிவந்து, "அந்தத் தட்டைத் திரும்ப வண்டிக்குள் வையுங்கள்," என்று ஆங்கிலத்தில் பல்லைக் கடித்துச் சொன்னாள்.

வைக்கவில்லை. வைக்காதது நல்லதாகப் போயிற்று.

இந்த மனிதர்களின் ஒழுங்கைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. சட்டைப் பொத்தான் அந்தக் காலத்து எலும்புப் பொத்தானா என்று பார்க்கிறார்கள். சப்பாத்துக்கு இடம் வலம் இல்லை, அந்த நாளில் அப்படித்தானாம். ஆனால் மத்தியானம் வந்ததும் ஆளுக்கொரு மூலையில் போய், மடியில் சொந்தத் தகரப் பெட்டியைத் திறந்து, சொந்தப் பாண் துண்டைச் சாப்பிட்டார்கள். காலையில் தோளோடு தோள் நின்றவர்கள் பஸ் தரிப்பில் நிற்கிறவர்கள் போல ஆகிவிட்டார்கள். நான் மஸ்கற் தட்டை எடுத்துக்கொண்டு இரண்டு பக்கத்துப் படைகளுக்கும் போனேன். முதலில் மரியாதைக்கு எடுத்தார்கள். பிறகு தட்டு இருந்த இடத்துக்கு அவர்களே வந்தார்கள். அரசனின் ஆள் ஒருவர் பாராளுமன்றத்தாரின் சாக்கில் குந்தியிருந்து நெய் பட்ட விரலைச் சூப்பினார்.

அப்போது ஹரல்ட் படிவத்தைத் தூக்கிக்காட்டிக் கேட்டார். "இங்கே கப்டன் என்று எழுதியிருக்கிறது. எந்தப் படையில்?"

"உங்கள் படையில்தான்," என்றேன். "வெள்ளைக்காரப் படையில். வன்னியில்."

எல்லோரும் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். நான் சொல்லத் தொடங்கினேன். அவர்களுக்குச் சொன்னபோது கனக்க விளக்கம் கொடுக்க வேண்டியிருந்தது. உங்களுக்கு அது தேவையில்லை.

3

பன்னிரண்டு வருடம் இருக்கும். இரணைமடுக் குளத்தின் கீழே உள்ள ஒரு கொலனிப் பள்ளிக்கூடத்தில் எனக்கு முதல் நியமனம். தலைமையாசிரியர் வீட்டில் தங்கியிருந்தேன். கொலனியில் எல்லோரும் யாழ்ப்பாணப் பக்கமிருந்து காணி கிடைத்து வந்தவர்கள். காடு வெட்டி, நெல் விதைத்து, ஒரு பத்து வருடத்தில் மச்சான் மாப்பிள்ளை என்று பழகியவர்கள், நான் போய்ச் சேர்ந்த வருடம் இரண்டாகப் பிரிந்து கிடந்தார்கள். வாய்க்காலுக்கு இடப்பக்கம் இருந்தவர்கள் இடக்கரையார், மற்றவர்கள் வலக்கரையார். முந்தின சிறுபோகத்தில் தண்ணீர் முறையில் தகராறு வந்து, வாய்க்கால் தண்ணீரைத் திறந்து மூடும் துருசடியில் இடக்கரைச் சின்னத்தம்பி வலக்கரை வேலுப்பிள்ளையின் தலையில் மண்வெட்டிப் பிடியால் அடித்துவிட்டார். ஆறு தையல். கிராமக் கோட்டில் வழக்கு. அதன்பிறகு ஒரு கரையார் மற்றக் கரையாரின் செத்த வீட்டுக்கும் போவதில்லை.

இந்த நிலைமையில்தான் கந்தவனம் சாஜன் தன் யோசனையைக் கொண்டுவந்தார்.

சாஜன் என்பது அவருடைய இராணுவப் பதவி. உலக யுத்த காலத்தில் பட்டாளத்தில் சேர்ந்து எகிப்துக்குப் போய், நாலு வருடம் றோட்டுப் போட்டு, கப்பலில் மூட்டை இறக்கிவிட்டு வந்தவர். "ஒரு வெடிச் சத்தம் கிட்டக் கேக்கேல்லை, ரீச்சர்," என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். சொல்லும்போது வெட்கப்பட்டார். ஆனால் அங்கே ஒரு முகாமில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் தங்கள் பாட்டன்மார் பிடித்த பழைய சண்டை ஒன்றை ஒரு விடுமுறையில் விளையாட்டுக்குத் திருப்பிப் பிடித்ததைப் பார்த்திருந்தார். அது அவர் மனதில் பதினைந்து வருடமாகக் கிடந்தது.

அறுவடை முடிந்து வைக்கல் போர் ஏறிய பங்குனி மாதம். பள்ளிக்கூட மண்டபத்தில் இரண்டு கரையாரையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னார்.

"வன்னிராசா முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடிச்ச சண்டையை நாங்கள் பிடிக்கப் போறம். சனிக்கிழமை ராசா வெல்லுவார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக்காரன் திருப்பி வந்து ராசாவை வெல்லுவான். நடந்தது அப்பிடித்தான்."

"நாடகமோ?" என்று ஒருவர் கேட்டார்.

"நாடகம் இல்லை. பாக்க ஆள் வரப்படாது. வாறவன் ஆரெண்டாலும் கையிலை ஈட்டி குடுப்பன்."

மற்ற விதிகளையும் அங்கேயே சொன்னார். கமுகஞ் சலாகையில் ஈட்டி, தேயிலைப் பெட்டிப் பலகையில் வாள். நுனியில் சாக்குத் துண்டு சுற்றிக் கரியில் தோய்க்க வேண்டும். நெஞ்சில் கரி பட்டவன் செத்தவன், அதில் தர்க்கம் இல்லை. செத்தவன் விசில் ஊதும்வரை எழும்பக்கூடாது, வாயும் திறக்கக்கூடாது. இரண்டு படைக்கும் ஒரே கிடாரத்தில் சோறு.

யார் எந்தப் பக்கம் என்று திருவுளச்சீட்டு எழுதிப் போட்டார்கள். இடக்கரையாருக்கு ராசாவின் படை விழுந்தது. சின்னத்தம்பிதான் ராசா. ஆறடி உயரம், மீசை, அவரைத் தவிர ஒருவர் முகமும் அந்தக் கிரீடத்துக்குப் பொருந்தாது. வலக்கரையார் வெள்ளைக்காரர். முறுமுறுத்தார்கள், ஆனால் சீட்டு சீட்டுத்தான்.

அனுமதி எடுக்கச் சாஜன் கிளிநொச்சிக்கு ஏழு தடவை சைக்கிள் மிதித்தார். டீ.ஆர்.ஓ. என்ற பகுதி அதிகாரியின் கந்தோரில் இப்படி ஒரு விண்ணப்பத்தைப் போட்டு வைக்கக் கோவை இல்லை. முதலில் அதை யானை விரட்டும் கோவையில் போட்டார்கள், பிறகு விளையாட்டுப் போட்டியில், பிறகு சட்டவிரோதக் கூட்டத்தில். கடைசியில் டீ.ஆர்.ஓ. சாஜனைக் கூப்பிட்டு, "உங்கட ஆக்களின்ரை வழக்கு எனக்குத் தெரியும். ஒரு சொட்டு ரத்தம் வந்தாலும் கொலனியிலை இனிக் கோயில் திருவிழாக்கும் கூட்டம் கூட விடமாட்டன்," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

வெள்ளைக்காரக் கப்டனாக நீர்ப்பாசனக் கந்தோர்க் கிளாக்கர் வருவதாக இருந்தது. கட்டளைகள் இங்கிலிசில்தான் கொடுக்க வேண்டும் என்பது சாஜனின் பிடிவாதம். வெள்ளிக்கிழமை பின்னேரம் கிளாக்கருக்கு மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. அரசாங்க ஊழியர் ஆயுதம் தரித்த கூட்டத்தில் பங்குபற்றுவது குறித்து விளக்கம் தேவையாம். மனிதர் நடுங்கிப் போனார். சாஜன் நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்தார்.

"ரீச்சர், கொலனியிலை இங்கிலிசு தெரிஞ்ச மற்ற ஆள் நீங்கள்தான்."

"நான் பொம்பிளை, சாஜன்."

"தொப்பியைப் போட்டால் ஆருக்குத் தெரியப் போகுது?"

எல்லோருக்கும் தெரியும் என்று இருவருக்கும் தெரியும். எனக்கு அப்போது இருபத்துமூன்று வயது. பயமாகவும் இருந்தது, வேண்டாம் என்று சொல்ல வாயும் வரவில்லை. கிளாக்கர் தன் காக்கிக் காற்சட்டையையும் தொப்பியையும் கொடுத்தனுப்பினார். தலைமையாசிரியரின் மனைவி காற்சட்டை இடுப்பை நாலு அங்குலம் ஒடுக்கித் தைத்துத் தந்துவிட்டு, "ஆரும் கேட்டால் நான் தைக்கேல்லை எண்டு சொல்லும் பிள்ளை," என்றார்.

4

குளக்கட்டுக்குக் கீழே வெட்டின வயலில் கோட்டை. நெற்சாக்கில் வைக்கல் அடைத்து நெஞ்சளவுக்குச் சுவர். மூன்று தார்ப் பீப்பாய்கள் பீரங்கி. அதற்குள் யானை வெடியைக் கொளுத்திப் போட்டால் குளத்துக் கொக்கெல்லாம் ஒன்றாக எழும்பும்.

முல்லைத்தீவிலிருந்து மஸ்கற்றும் பிடவையும் கொண்டு சைக்கிளில் வரும் காசிம் நானா, கூட்டத்தைக் கண்டு வியாபாரம் செய்ய வந்து இறங்கினார். சாஜன் அவர் கையில் ஒரு ஈட்டியைக் கொடுத்தார். "நான் மஸ்கற் விக்க வந்தனான்," என்றார் நானா. "வில்லுங்கோ. ஆனால் பாத்துக்கொண்டு நிக்கேலாது. எந்தப் பக்கம்?" நானா கொஞ்சம் யோசித்து, சோற்றுக் கிடாரம் கிட்ட இருந்த பக்கத்தைத் தெரிந்தெடுத்தார். அது என் படை.

என் முதல் கட்டளை எனக்கே கேட்கவில்லை. இரண்டாவது தடவை "ஃபயர்" என்று கத்தினேன். இருபது ஆண்கள் ஒரு பெண்பிள்ளையின் வாயைப் பார்த்து நின்று, அவள் சொன்னவுடன் செய்ததை நான் அதற்கு முன்னர் கண்டதில்லை. அந்த ருசி, நெய் மணம் போல, இப்போதும் நினைத்தால் வருகிறது.

ராசாவின் படை மூன்று பக்கத்தாலும் வந்தது. ஒரு மணித்தியாலம் வயலெல்லாம் ஓட்டமும் சிரிப்பும் கரியும். கோட்டை வாசலைக் காத்து நின்றவர் வேலுப்பிள்ளை. ஒல்லியான, கதை குறைந்த மனிதர். நெற்றியில் அந்த ஆறு தையல் அடையாளம் தெரிந்தது. சின்னத்தம்பி வாளை ஓங்கிக்கொண்டு அவருக்கு நேரே வந்தார்.

சிரிப்பு நின்றது. ஒருவரும் சொல்லாமலே எல்லோரும் நின்றுவிட்டோம். சாஜன் விசிலை வாயில் வைத்தபடி ஊதாமல் நின்றார். ஓங்கிய வாள் மேலே நின்றது. பிறகு மெதுவாக இறங்கி, வேலுப்பிள்ளையின் நெஞ்சில் சும்மா தொட்டது. கரி ஒரு பொட்டுப் போல ஒட்டியது. வேலுப்பிள்ளை அடி வெட்டிய மரம் மாதிரி அப்படியே சாய்ந்தார். பங்குனி வெயிலில், வெட்டின நெல்தாள் குத்தக் குத்த, முகத்தில் எறும்பு ஊர ஊர, விசில் ஊதும்வரை ஒரு மணித்தியாலம் அசையாமல் கிடந்தார். அன்று அவரைப் போல நன்றாகச் செத்தவர் வேறு எவரும் இல்லை.

கோட்டை விழுந்ததும் கப்டன் வள்ளத்தில் ஏறித் தப்பிவிட்டதாகச் சரித்திரம். எனக்குக் குளத்தில் மீன்பிடிக்கும் வள்ளம் ஒன்று ஒழுங்கு செய்திருந்தார்கள். கரையிலிருந்து தொண்ணூறு அடி போனதும் வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறி என் கணுக்காலுக்கு வந்தது. எனக்கு நீந்தத் தெரியாது. நான் கத்தியது இங்கிலிசில் அல்ல. கிரீடத்தோடு குளத்தில் இறங்கிய சின்னத்தம்பி, கழுத்தளவு தண்ணீரில் வந்து வள்ளத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்துக் கரைசேர்த்தார்.

சாஜனுக்குக் கோபம். "சரித்திரத்திலை கப்டன் தப்பிப் போட்டான். நீ என்னெண்டு இழுத்துக்கொண்டு வருவாய்?"

"சரித்திரத்திலை வள்ளம் ஓட்டை இல்லைப் போலை கிடக்கு, சாஜன்," என்றார் சின்னத்தம்பி, மீசையைப் பிழிந்தபடி.

வலக்கரையாரும் சிரித்தார்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு இரண்டு கரையும் ஒரு விஷயத்துக்குச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

5

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாம் குழம்பியது.

நாங்கள் அணிவகுத்து நின்றோம். புதிதாக ஒரு சிப்பாயும் வந்து வரிசையின் கடைசியில் நின்றார். கிளாக்கர்தான். "நான் கேட்ட லீவு இண்டைக்கு இருக்கு. லீவிலை நான் அரசாங்க ஊழியன் இல்லை," என்று தானே ஒரு விளக்கம் தயாரித்துக்கொண்டு வந்திருந்தார். ஆனால் எதிரே ராசாவின் படை வரவில்லை. சின்னத்தம்பி ஈயத்தாள் ஒட்டிய கிரீடத்தைக் கழற்றி வைக்கல் மூட்டையில் வைத்துவிட்டு இருந்தார்.

"வெல்லுறதை நடிச்சம், சரி. தோக்கிறதை என்னத்துக்கு நடிப்பான்?" என்றார். "நடந்தது நடந்ததுதான். இண்டைக்கு நாங்கள் மாத்திப் பிடிப்பம். ராசா வெல்லட்டும்."

இடக்கரையார் ஓம் என்றார்கள். வலக்கரையாரில் ஒருவர் முன்னுக்கு வந்தார். "நேற்று நாங்கள் வெயில்லை செத்துக் கிடந்தனாங்கள்தானே? உங்களுக்கு மட்டும் சாகேலாதோ?"

சலாகைகளைப் பிடித்த கைகள் இறுகின. நுனியில் சுற்றியிருந்த சாக்குத் துண்டைக் கழற்ற ஒரு விநாடி போதும். சாஜன் வரம்பில் குந்திவிட்டார். முகம் வாடிப்போயிருந்தது. ஏழு தடவை கிளிநொச்சிக்குச் சைக்கிள் மிதித்த மனிதர்.

வேலுப்பிள்ளை மட்டும் வரிசைக்கு வரவில்லை. தூரத்தில் குந்தியிருந்து பழஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் அவரிடம் போனேன். என்ன கேட்பது என்று தெரியாமல், "நேற்று அவ்வளவு நேரம் எப்பிடி அசையாமல் கிடந்தனீங்கள்?" என்றேன்.

"அந்த ஒரு மணித்தியாலந்தான் ரீச்சர், ஒருத்தரும் எனக்கு வேலை சொல்லாத நேரம்," என்றார். பிறகு கையைக் கழுவிவிட்டுச் சொன்னார். "அவன் வாளை ஓங்கேக்கை கை நடுங்கினது. நீங்கள் தள்ளி நிண்டனீங்கள், கண்டிருக்க மாட்டியள். போன வருசம் மண்வெட்டிப் பிடியாலை அடிக்கேக்கை நடுங்கேல்லை. நேற்று நடுங்கினதைக் கண்டாப் பிறகு எனக்கு அவனிலை கோவம் எடுக்கத் தெரியேல்லை."

நான் வயலைக் கடந்து சின்னத்தம்பியிடம் போனேன். இரண்டு படையும் பார்த்துக்கொண்டு நின்றது. காற்சட்டை இடுப்பில் வழுகியது, பிடித்துக்கொண்டே நடந்தேன். வேலுப்பிள்ளை சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அவர் காதில் சொன்னேன். அவர் கிரீடத்தில் கழன்றிருந்த ஈயத்தாளை நகத்தால் அழுத்தி ஒட்டினார்.

"ஆர் என்னை வெட்டுறது?" என்று கேட்டார்.

"வேலுப்பிள்ளை அண்ணைதான். வேண்டாமெண்டால் மாத்துவம்."

"மாத்த வேண்டாம்," என்று எழும்பிக் கிரீடத்தைப் போட்டார். "ஆனால் நான் வெயில்லை சாக மாட்டன்."

சண்டை நடந்தது. நேற்றையதைவிட நன்றாக நடந்தது, ஏனென்றால் நேற்று எல்லோரும் தங்கள் ஈட்டியைப் பார்த்தார்கள், இன்று மற்றவரின் ஈட்டியைப் பார்த்தார்கள். காசிம் நானா மூன்று பேரைக் கொன்றுவிட்டு நாலாமவருக்கு மஸ்கற் கொடுத்தார். கிளாக்கர் நான் "லோட்" என்றால் சுட்டார், "ஃபயர்" என்றால் குனிந்தார். வேலுப்பிள்ளையின் வாள் ராசாவின் நெஞ்சில் பட்டது. சின்னத்தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தள்ளாடினார். ஒரு வரம்பு தாண்டினார், விழவில்லை. இரண்டாவது வரம்பு தாண்டினார். "விழு அண்ணை," என்று அவருடைய படையே கத்தியது. மூன்றாவது வரம்பும் தாண்டி வாய்க்கால் ஓரத்து மருதமர நிழலுக்குப் போய், நல்ல இடமாகப் பார்த்து, சால்வையை விரித்து விழுந்தார். செத்துக் கிடந்தவர்கள் சிரிப்பை அடக்கியதில் வயலே குலுங்கியது.

சாஜன் கடிகாரத்தைப் பார்த்தார். முதல் நாளைப் போலவே ஒரு மணித்தியாலம் என்று அறிவித்தார்.

வேலுப்பிள்ளை போய் ராசாவின் பக்கத்தில் இருந்தார். நான் பத்தடி தள்ளி மரத்தில் சாய்ந்து நின்றேன். கொஞ்ச நேரம் இருவரும் சும்மா இருந்தார்கள், ஒருவர் செத்தபடியால், மற்றவர் வழக்கப்படி. பிறகு வேலுப்பிள்ளை தொடங்கினார்.

"செவ்வாய்க்கிழமை என்ரை தண்ணி முறை. உனக்குத் தெரியும். அண்டைக்கு மூத்தவளுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பும் வந்திட்டுது. வண்டில் கட்டிக்கொண்டு ஆசுப்பத்திரிக்குப் போனனான். திரும்பி வரேக்கை புதன்கிழமை. பயிர் வெடிச்சுக் கிடக்கு. புதன் உன்ரை முறை, அதுவும் எனக்குத் தெரியும். ஒரு மணித்தியாலம் தா எண்டு கேக்கத்தான் துருசடிக்கு வந்தனான். நீ மண்வெட்டியோடை வந்தாய். நான் வாய் திறக்க முந்தி அடிச்சுப் போட்டாய். பிறகு கோட்டிலை கேட்டவங்கள், துருசைத் திறந்தனியோ இல்லையோ எண்டு. பிள்ளைக்குக் காய்ச்சலோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. நீயும் கேக்கேல்லை."

இவ்வளவையும் அவர் கோபமில்லாமல், வாய்க்காலைப் பார்த்தபடி சொன்னார். ஒரு வருடத்துக் கதை. ஆறு தையலைப் பற்றிச் சொன்னார். தலையில் கட்டோடு அரிவு வெட்டியதைப் பற்றிச் சொன்னார். சின்னத்தம்பியின் தாயார் செத்தபோது வாசல் வரைக்கும் வந்து திரும்பிப் போனதைச் சொன்னார்.

செத்தவர் பதில் சொல்ல முடியாது. சின்னத்தம்பி எதற்கும் முதல் வாய் திறக்கிற மனிதர். அவருடைய மூடிய கண்ணின் ஓரத்தால் தண்ணீர் வழிந்து காதுக்குள் போயிற்று. செத்தவர் துடைக்கவும் முடியாது. வேலுப்பிள்ளை தோளில் கிடந்த துவாயை எடுத்துத் துடைத்துவிட்டார்.

விசில் ஊதியது. வயலெங்கும் செத்தவர்கள் எழும்பி முதுகைத் தட்டினார்கள். ராசா கொஞ்ச நேரம் அப்படியே கிடந்தார்.

"சொல்லி முடிஞ்சுதோ?" என்றார்.

"முடிஞ்சுது."

"பிள்ளைக்கு இப்ப எப்பிடி?"

"சுகம். ரீச்சரின்ரை வகுப்பிலைதான் படிக்கிறாள்."

"நான் அடிச்சது பிழை, வேலுப்பிள்ளை. கையைக் குடு."

கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டார். அந்த ஒல்லி மனிதர் அந்தப் பெரிய உடம்பைத் தூக்கிய கெதியில் இருவரும் ஒன்றாகச் சரிந்து வாய்க்காலுக்குள் இருந்தார்கள். கிடாரத்தைத் திறந்து சோறு போட்டபோது யார் எந்தக் கரையார் என்று பார்த்துப் போட ஒருவருக்கும் நேரமிருக்கவில்லை.

6

திங்கட்கிழமை டீ.ஆர்.ஓ. தானே ஜீப்பில் வந்து இறங்கினார்.

"எத்தினை பேருக்குக் காயம்?"

சாஜன் நேராக நின்று சலூட் அடித்தார். "காயம் ஒருத்தருக்கும் இல்லை, ஐயா. செத்தது எல்லாரும்."

அதை எழுத்தில் தரச் சொன்னார். நான் இங்கிலிசில் எழுதிக் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு எந்தக் கோவையில் போடுவது என்று யோசித்தது முகத்தில் தெரிந்தது. அடுத்த கிழமை சின்னத்தம்பியும் வேலுப்பிள்ளையும் ஒரே வண்டிலில் கிராமக் கோட்டுக்குப் போய்ச் சமாதானம் சொல்லி வழக்கை முடித்தார்கள். அடுத்த வருடம் வேலுப்பிள்ளை ராசா. கிரீடம் காது வரைக்கும் இறங்கியது. கிளாக்கர் தன் காற்சட்டையைத் திருப்பிக் கேட்டு வந்தவர், நாலைந்து தடவை வந்தார். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் பிறகு என் வீட்டுக்குப் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். அவர்தான் மூன்று "இல்லை" எழுதிய நடராசா.

இவ்வளவையும் கேட்ட ஹரல்டின் கூட்டாளிகள் தட்டில் ஒட்டியிருந்த கடைசித் துண்டுகளையும் சுரண்டி எடுத்தார்கள். கேட்டுக்கொண்டு நின்ற பண்ணைக்காரரின் மனைவி, "நாளைக்கு ஒரு பெரிய பானை சூப் வைக்கிறேன்," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சூப் பானை வந்தது. சண்டைக்கு முன்னர் ஹரல்ட் வழக்கம்போலத் தோற்கிற பக்கத்துக்கு ஆள் கேட்டார். வழக்கம்போல ஒருவரும் கை தூக்கவில்லை. நான் தூக்கினேன். என் கணவரும் தூக்கினார். மாலினி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, பெருமூச்சு விட்டு, தன் கையையும் அரைவாசி தூக்கினாள்.

முதல் வெடியிலேயே மூன்று பேரும் செத்தோம். என் கணவர் கண்ணாடி உடையாமல் கழற்றிப் பையில் வைத்துவிட்டு விழுந்தார். மாலினி ஒரு சுற்றுச் சுற்றி எனக்குப் பக்கத்தில் வந்து விழுந்தாள். புல் ஈரமாக, குளிராக இருந்தது. கொஞ்ச நேரத்தில் மழை தூறத் தொடங்கியது. ஒரு துளி என் மூக்கின் மேல் விழுந்து மெதுவாக வழிந்தது. முழங்கையை ஊன்றி என்னைப் பார்த்த மாலினியின் முகம் உப்பியது. வாயைப் பொத்திக்கொண்டு தலையை என் தோளுக்குள் புதைத்தாள். அவளுடைய வயிறு சிரிப்பில் குலுங்குவது என் விலாவில் தெரிந்தது. மற்றப் பக்கத்தில் என் கணவரும் குலுங்கத் தொடங்கினார். மேலால் யார் யாரோ ஓடினார்கள், வெடித்தார்கள், அரசனுக்காகக் கத்தினார்கள். நாங்கள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, நனைந்து நனைந்து, அப்படியே கிடந்தோம்.